கோணாத வெட்டு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்தபோது பேராவூரணி வட்டாரத்தில் எங்கள் பக்கத்துத் தோப்புகளில் நின்ற தென்னைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. அடுத்த சில மாதங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் செயின் சா சத்தம். வெட்டுவதற்கு ஆள் கிடைக்காத அந்த நாட்களில் என் மாமா ஒரு 58 சிசி மெஷினை வாங்கிவந்தார். முதல் இரண்டு நாள் வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கியது. மூன்றாம் நாள் சீவல் நின்று வெறும் தூளாகக் கொட்டியது. நான் ஓர் உருண்டை அரத்தை வாங்கிவந்து பல்லையெல்லாம் தேய்த்தேன். அதற்குப் பிறகு மெஷின் வெட்டியது. ஆனால் நேராக வெட்டவில்லை. மரத்துக்குள் போகப் போக, செயின் சுற்றி ஓடும் பார் வலப்பக்கம் சாய்ந்து, வெட்டு பிறைபோல் வளைந்து, பாதி மரத்தில் இறுகி நின்றுவிட்டது. பக்கத்துத் தோப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் வந்து செயினைக் கையால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். “பல்லு ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல தம்பி. மெஷின்ல கோளாறு இல்ல, அரம் போட்டதுலதான்” என்றார்.

அந்த “ஒண்ணா” என்ற சொல்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி. எது ஒன்றாக இருக்க வேண்டும்? பல்லின் நீளமா, சாய்வா, கூரா, வேறேதாவதா? தயாரிப்பாளர்களின் கையேடுகள் எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. நாள் முழுக்க மரம் வெட்டிப் பிழைப்பவர்களில் பலர், நீளத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் செயின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். பல்லுக்கு மூன்று தேய்ப்பு, எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை மாறாமல் போட்டால் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. சாணை மெஷினில் கொடுத்துவிட்டால் சமம் தானாக வரும் என்பவர்களும் உண்டு. நான்கு தரப்பும் ஓரளவு சரிதான். எந்த அளவுக்குச் சரி என்று தெரிய வேண்டுமானால் முதலில் பல்லைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்று நாம் பயன்படுத்தும் செயின் 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் பிறந்தது. அதற்கு முந்தைய செயின்களில், இருவர் இழுக்கும் பெரிய ரம்பத்தில் உள்ளதைப் போலவே நாரைக் கீறும் பற்களும், கீறியதை வாரி வெளியேற்றும் பற்களும் தனித்தனியாக இருந்தன. அவற்றுக்கு அரம் போடுவது பெரும்பாடு. மரம் வெட்டும் தொழிலாளியான ஜோசப் பியூஃபர்ட் காக்ஸ், ஓர் அடிக்கட்டைக்குள் வண்டுப் புழு ஒன்று மரத்தைத் தின்றுகொண்டு போவதைக் கவனித்தார். வளைந்த இரண்டு தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டு, நாரின் போக்கிலும் நாருக்குக் குறுக்கிலும் அது ஒரே மாதிரி முன்னேறியது. அந்தத் தாடையை எஃகில் செய்து பார்த்ததுதான் காக்ஸின் செயின். 1947-ல் போர்ட்லாந்தில் தன் வீட்டு நிலவறையில் தொழிலைத் தொடங்கினார். ஒரு பல் இடப்பக்கச் சுவரைச் சீவும், அடுத்த பல் வலப்பக்கச் சுவரைச் சீவும். இரண்டு தரப்பும் சம பலத்தில் சீவினால்தான் நடுவில் பாதை நேராகப் போகும். சமம் என்ற பிரச்சினை இந்தச் செயினோடு கூடவே பிறந்தது.

ஒவ்வொரு பல்லிலும் ஒரு மேல்தகடு, ஒரு பக்கத்தகடு. இரண்டும் சந்திக்கும் மூலைதான் நாரை அறுக்கும் இடம். மேல்தகட்டின் முன்விளிம்பு அறுந்ததை உளிபோல் சீவி எடுக்கும். பல்லுக்கு முன்னால், சிறு பள்ளம் ஒன்றைத் தாண்டி, மாட்டின் திமில்போல் ஒரு மேடு நிற்கிறது. கையேடுகள் இதை டெப்த் கேஜ் என்கின்றன. பேச்சில் ரேக்கர் என்பார்கள். அது பழைய ரம்பத்தின் வாரும் பல்லுக்கு இருந்த பெயர், வேலை மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் திமில் என்றே சொல்லப்போகிறேன். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்தத் திமில்தான். திமிலின் உச்சி பல்லின் விளிம்பைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் கடி. வழக்கமான செயின்களில் இது 0.65 மில்லிமீட்டர், ஆறேழு தாள்களை அடுக்கிய தடிமன்.

எங்கள் மெஷினில் இருந்தது 0.325 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) செயின். பாரின் பள்ளத்துக்குள் ஓடும் இணைப்புகள் 76, அவற்றின் மேல் 38 பற்கள், இடம் 19, வலம் 19. செயினை இழுக்கும் ஏழு பல் ஸ்ப்ராக்கெட் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழன்றால் செயின் விநாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்நூறு கடிகள். பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம். ஒரு தரப்பின் கடி மறு தரப்பைவிட முடியளவு ஆழமாக இருந்தாலும், ஒரு நிமிட வெட்டில் அந்த வித்தியாசம் பல்லாயிரம் முறை சேர்ந்துகொண்டே போகிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத பிசகு கூட மரத்தில் பிறையாகத் தெரிகிறது. செயின் எப்போதும் அதிகமாகச் சீவும் பக்கத்தை நோக்கியே வளையும். வலப்பக்கம் கோணினால் வலப்பக்கப் பல் வலுவாக இருக்கிறது, அல்லது இடப்பக்கப் பல் சோர்ந்திருக்கிறது.

அந்த அண்ணன் போன பிறகு வெர்னியரை எடுத்து எங்கள் செயினை அளந்தேன். இடப்பக்கப் பற்கள் வலப்பக்கத்தைவிட அரை மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாகியிருந்தன. முதலில் அந்தப் பக்கத்தில் ஆர்வமாகத் தொடங்கி அழுத்தித் தேய்த்திருக்கிறேன். மறு பக்கம் வரும்போது கை சோர்ந்துவிட்டது. அப்படியென்றால் நன்றாகத் தேய்த்த இடப்பக்கம் அல்லவா அதிகம் சீவ வேண்டும்? வெட்டு ஏன் வலப்பக்கம் போனது? இந்தப் புதிர் என்னைப் பல நாள் படுத்தியது. விடை பல்லின் வடிவத்தில் இருந்தது. மேல்தகடு முன்னால் உயரமாகவும் அகலமாகவும் தொடங்கி, பின்னால் போகப் போகத் தாழ்ந்து குறுகுகிறது. பல்லின் பின்புறம் மரத்தில் உரசாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். எனவே அரம் போட்டுப் பல் பின்வாங்கும்போது அதன் விளிம்பு தாழ்கிறது. திமிலோ தேயாமல் அதே உயரத்தில் நிற்கிறது. கூராக இருந்தும் இடப்பக்கப் பற்களைத் திமில் மரத்தை எட்டவிடவில்லை. நான் பல்லைத் தீட்டி, கடியைக் குறைத்திருந்தேன்.

நீளமா வேண்டாமா என்ற வழக்கில் என் தீர்ப்பு இங்கிருந்துதான் வருகிறது. எல்லாப் பல்லும் ஒரே நீளம் என்ற கையேட்டு விதி, எளிதில் கடைப்பிடிக்கக்கூடிய ஒரு பாதுகாப்பான வழி. நீளம் ஒன்றானால் உயரம் ஒன்றாகும், அகலம் ஒன்றாகும், ஒரே அளவுகோலால் எல்லாத் திமிலையும் சரிசெய்யலாம். ஆனால் அதன் விலை பெரிது. ஒரு கல்லோ ஆணியோ பட்டு ஒரே ஒரு பல்லின் முனை 2 மில்லிமீட்டர் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி மிகக் குட்டையான பல்லை அளவாக வைத்து மற்ற 37 பல்லையும் அந்த அளவுக்குத் தேய்க்க வேண்டும். ஒரு பல்லில் தேய்க்கக்கூடிய நீளமே ஆறேழு மில்லிமீட்டர்தான். செயினின் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு ஒரு மாலையில் இரும்புத்தூளாகிவிடும். தொழிலாளர்கள் இதை மறுப்பதில் நியாயம் இருக்கிறது. உடைந்த பல்லை அதன் போக்கில் விட்டு, அதன் திமிலை மட்டும் அதற்கேற்ப இறக்கிவிட்டால், அந்த ஒரு பல் குட்டையாக இருப்பதால் வெட்டு கோணுவதில்லை. 38-ல் ஒன்று கொஞ்சம் குறுகலாகச் சீவும், அவ்வளவே.

கோணல் வருவது வித்தியாசம் ஒரு பக்கமாகத் திரளும்போது. நீளக் குறைவு இரு தரப்பிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக்கிடந்தால் அதிர்வு சற்றுக் கூடலாம், பாதை நேராகவே போகும். 19 இடப்பக்கப் பல்லும் சேர்ந்து குட்டையாகிவிட்டால் திமில் சரியாக இருந்தாலும் மறு பக்கத்துச் சீவல் நூலிழை அகலமாக விழும். பார் அந்தப் பக்கம் சரியும். ஆகவே வெர்னியரைக் கையில் எடுக்கும்போது நான் தேடுவது 38 பல்லின் ஒற்றுமையை அல்ல. இடப்பக்கத்தில் ஐந்து, வலப்பக்கத்தில் ஐந்து அளந்து இரண்டு தரப்பின் சராசரியையும் ஒப்பிடுகிறேன். அது கால் மில்லிமீட்டருக்குள் இருந்தால் அரத்தைக் கீழே வைத்துவிடுவேன். கால் மில்லிமீட்டர் என்பது என் அனுபவத்தில் வைத்துக்கொண்ட எல்லை, எந்தக் கையேட்டிலும் உள்ளதல்ல. சில செயின்களில் பல் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும். ஓரிடத்தில் ஒரே பக்கத்துப் பல் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். அதைக் கண்டு செயினே தவறு என்று நினைக்க வேண்டாம், அந்த ஒரு பல்லால் கோணல் வராது.

திமிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடுவது இதைத்தான். தொடுகிறவர்களும் ஒரு தகட்டு அளவுகோலை இரண்டு மூன்று பல்லின் மேல் கிடத்தி, துளை வழியாக எட்டிப்பார்க்கும் திமிலைத் தட்டை அரத்தால் தேய்க்கிறார்கள். எல்லாப் பல்லும் ஒரே உயரமாக இருந்தால் இது சரி. உயரம் மாறியிருந்தால் தகடு உயரமான பல்லின் மேல் உட்கார்ந்துகொள்ளும்; குட்டைப் பல்லின் திமில், தகட்டுக்குக் கீழே இருப்பதால் தப்பித்துவிடும். எந்தப் பல்லுக்கு அதிகம் இறக்க வேண்டுமோ அதற்கே இறங்காமல் போகிறது. ஏற்கெனவே சமம் கெட்ட செயினை இந்த அளவுகோல் மேலும் கெடுக்கிறது. ஒரு பல்லின் மேல் மட்டும் அமர்ந்து அந்தப் பல்லின் திமிலை மட்டும் அளக்கும் தகடுகளும் உண்டு. கார்ல்டன் நிறுவனத்தின் ஃபைல்-ஓ-பிளேட் அந்த வகை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. பல் மரத்தைக் கடிக்கும்போது அசையாமல் நிற்பதில்லை. ரிவிட்டின் சிறு நெகிழ்வில் முன்பக்கம் எழுந்து மரத்துக்குள் பாய்ந்து, சீவலை அறுத்து, மீண்டும் தாழ்கிறது. கடலில் ஓங்கல் மீன் எழுந்து எழுந்து போவதைப் போன்ற நடை. பல்லின் விளிம்புக்கும் திமிலின் உச்சிக்கும் ஒரு கோடு இழுத்தால் கிடைக்கும் சாய்வுதான் அந்த எழுச்சியின் அளவு. புதிய பல்லில் விளிம்பு திமிலிலிருந்து ஆறரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, 0.65 இறக்கத்தில் சாய்வு ஏறக்குறைய 6 டிகிரி. பல் பாதி தேய்ந்து விளிம்பு திமிலிலிருந்து பத்து மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டால் அதே 0.65 இறக்கம் 4 டிகிரிக்கும் குறைவாகிவிடும். பழைய சாய்வு வேண்டுமானால் திமில் 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். பழைய செயினை என்னதான் தீட்டினாலும் புதுசு மாதிரி இறங்கவில்லை என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு எல்லாத் திமிலையும் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். அளவுக்கு மேல் இறங்கினால் பல் மரத்தைக் கவ்விக்கொண்டு மெஷின் உதறும். பாரின் நுனி மரத்தில் பட்டால் மேல்நோக்கித் திருப்பி அடிக்கும் அபாயம் கூடும். இரண்டு தேய்ப்பு, ஒரு வெட்டு, பிறகு மறுபடி பார்ப்பது என்று போக வேண்டும். இறக்கிய பிறகு திமிலின் முன்முனையை அரத்தால் உருட்டிவிடுவதும் கட்டாயம். சதுரமாக விட்டால் மரத்தில் இடித்து மெஷினைப் பின்னால் தள்ளும்.

இனி கருவிகள். அடிப்படை உருண்டை அரம்தான், மற்றவையெல்லாம் அதை நேராகப் பிடிக்கும் வழிகள். 0.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். கடையில் “மூணு பை பதினாறு” என்றால் எடுத்துக்கொடுப்பார்கள். சிறிய மெஷின்களின் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர். பெரிய 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5, தயாரிப்பாளரைப் பொறுத்து. எது உங்களுடையது என்பது செயினிலேயே பொறித்திருக்கும். ஓரிகன் நிறுவனத்தின் செயினில் பள்ளத்துக்குள் ஓடும் இணைப்பில் எண் இருக்கும்: 20, 21, 22 என்றால் 0.325, 72, 73, 75 என்றால் 3/8, 91 என்றால் லோ புரொஃபைல். ஸ்டில் நிறுவனத்தின் செயினில் திமிலின் பக்கத்தில் ஓர் இலக்கம்: 2 என்றால் 0.325, 3 என்றால் 3/8. சிறிய அரத்தைப் போட்டால் விளிம்பு கொக்கிபோல் மெலிந்து ஒரு மணி நேரத்தில் மழுங்கும். பெரியதைப் போட்டால் விளிம்பு மொண்ணையாகி மரத்தைச் சீவாமல் உரசும்.

அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்று வரை மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். சாய்வு பெரும்பாலும் 30 டிகிரி. பல செயின்களில் மேல்தகட்டின் பின்பகுதியில் ஒரு சாய்கோடு இருக்கும், அரத்தை அதற்கு இணையாகப் பிடித்தால் போதும். பலகை அறுக்கும் செயினுக்கு 10 டிகிரி. அரம் தள்ளும்போது மட்டுமே வெட்டும். திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். செயினில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அரம் வழுக்கும், மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு உட்காருங்கள். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் இரும்புத்தூள் அடைக்காது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிளக் ஒயரைக் கழற்றியிருக்க வேண்டும், கையில் உறை வேண்டும். பார் வைஸில் இறுக்கமாக நிற்க வேண்டும். செயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டால் பல் அரத்துக்கு ஆட்டம் கொடுக்காது. தொடங்கும் பல்லில் ஒரு மை அடையாளம்.

எண்ணி மூன்று தேய்ப்பு என்ற விதியின் குறை கையில் இருக்கிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் தேய்த்தால், ஒரு பக்கப் பல்லுக்குக் கை உடம்பைவிட்டு வெளியே போகிறது, மறு பக்கத்துக்கு உடம்பை நோக்கி வருகிறது. அழுத்தமும் சாய்வும் மாறிவிடும். மூன்று தேய்ப்பு இரண்டு இடத்திலும் மூன்றுதான், எடுத்த இரும்பு ஒன்றல்ல. மெஷினைச் சுற்றி மறு பக்கம் போய் உட்கார வேண்டும், அல்லது மெஷினையே திருப்பி வைக்க வேண்டும். அப்போதும் எனக்கு ஒரு பக்கம் பலவீனமாகவே வருகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் தொடங்கும் பக்கத்தை மாற்றிக்கொள்கிறேன். சோர்வு ஒரே தரப்பின் தலையில் விழாமல் இருக்க. அரம் தேய்ந்துபோனால் பாதியில் மாற்றாதீர்கள். இடப்பக்கத்துக்குப் பழைய அரம், வலப்பக்கத்துக்குப் புது அரம் என்று ஆனால் எண்ணிக்கை பொய்யாகிவிடும். மாற்றுவதாக இருந்தால் முதல் பல்லுக்கு முன்பே மாற்ற வேண்டும்.

எண்ணிக்கையைவிட நம்பகமான சாட்சி வெளிச்சம். விளிம்பை வெயிலில் காட்டுங்கள். மழுங்கிய விளிம்பு ஒரு வெள்ளை நூல்போல் மின்னும். கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்க இடமில்லை, ஒன்றும் தெரியாது. அந்த வெள்ளை நூல் மறையும்வரை ஒரு பல்லுக்கு இரண்டு தேய்ப்பு போதும், அடுத்ததுக்கு ஐந்து வேண்டியிருக்கலாம். மேல்தகட்டின் மேல் குரோமியம் பூசியிருக்கிறார்கள். விளிம்பில் அந்தப் பூச்சு உரிந்திருந்தால், பூச்சு முழுதாக உள்ள இடம் வரும்வரை தேய்க்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பார்க்கக் கூராக இருக்கும், இரண்டு வெட்டில் போய்விடும்.

அரத்தைத் தாங்கும் சட்டங்களில், 30 டிகிரி கோடு போட்ட எளிய தகட்டுச் சட்டமே தொடங்குகிறவர்களுக்குப் போதும். ஹஸ்க்வர்னா விற்கும் உருளை வழிகாட்டி செயினின் மேல் உட்கார்ந்து அரத்தின் உயரத்தைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும்; சாய்வு மட்டும் உங்கள் கண்ணின் பொறுப்பு. ஜெர்மனியின் ஃபெர்ட் நிறுவனம் செய்யும், ஸ்டில் பெயரிலும் விற்கும் இரட்டை வேலைச் சட்டத்தில் இரண்டு உருண்டை அரமும் ஒரு தட்டை அரமும் இருக்கின்றன. பல்லையும் திமிலையும் ஒரே தள்ளில் தேய்த்துவிடும். திமிலை மறந்துவிடுகிறவர்களுக்கு இதைப்போல் உதவும் கருவி வேறில்லை. புதுச் செயினில் முதல் நாளிலிருந்து இதையே பயன்படுத்தினால் சமம் கெடுவதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் ஏற்கெனவே ஒரு பக்கம் குட்டையான செயினை இது சரிசெய்யாது.

சரிசெய்ய வேண்டுமானால் பாரின் மேல் கவ்வி நிற்கும் சட்டம் வேண்டும். கலிஃபோர்னியாவின் கிரான்பெர்க் நிறுவனத்தின் ஃபைல்-என்-ஜாயின்ட் இதில் முன்னோடி. சாய்வைத் திருகில் பூட்டலாம், உயரத்தைப் பூட்டலாம், ஒரு தடுப்பில் பல்லை நிறுத்தி இவ்வளவு நீளத்துக்கு மேல் தேய்க்காமல் கட்டலாம். மெதுவான வேலை. ஒவ்வொரு முறையும் இதைச் செய்யப் பொறுமை இருக்காது. ஏழெட்டு முறை கையால் அரம் போட்ட பிறகு ஒரு முறை இதில் பூட்டி இரண்டு தரப்பையும் நேர்ப்படுத்துவது என் வழக்கமாகிவிட்டது.

மின்சாரச் சாணை பற்றி இரண்டு கருத்து உண்டு, எனக்கு அதில் தயக்கம்தான். வேகம் மறுக்க முடியாதது. ஆணி பட்டு நாசமான செயினுக்கு அதுவே வழி. ஆனால் சாணையில் போட்டால் சமம் தானாக வரும் என்பது உண்மையல்ல. பல்லைப் பிடிக்கும் கவ்வி சக்கரத்தின் நேர் நடுவில் இல்லாவிட்டால், இடப்பக்கம் திருப்பும்போது ஒரு நீளமும் வலப்பக்கம் திருப்பும்போது இன்னொரு நீளமும் வரும். விலை குறைந்த சாணைகளில் இது சாதாரணம். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பல் மட்டும் பிடித்து, அளந்து, திருகைச் சரிசெய்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். அடுத்தது சூடு. சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் விளிம்பு நீலம் பாயும். எஃகு நீலமாகிறது என்றால் 300 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டது, பதம் போய்விட்டது. அப்படிப்பட்ட பல் சில இடங்களில் மெத்தென்றாகிவிடும், சில இடங்களில் அரம் வழுக்கும் அளவுக்கு உறைந்து இறுகிவிடும். தொட்டுத் தொட்டு எடுப்பவரின் கையில் சாணை நல்ல கருவி. ஒரு முறை ஒரு கடையில் கொடுத்து வாங்கிய என் செயினில் வலப்பக்கப் பல் அத்தனையும் நீல முனையோடு திரும்பிவந்தது. அந்தப் பல்லை அரத்தால் மீட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது, முழுதாக மீளவுமில்லை. கையடக்க மோட்டாரில் மாட்டும் சிறு கல் உருளைகளில் வேறு சிக்கல்: கல் தேயத் தேய விட்டம் குறைகிறது. முதல் பல்லுக்கு 4.8 ஆக இருந்தது கடைசிப் பல்லுக்கு இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் வெட்டு கோணினால் பாரைப் பாருங்கள். பாரின் இரண்டு தண்டவாளங்களில் ஒன்று தேய்ந்து தாழ்ந்திருந்தால் செயின் அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு ஓடும். பல் எவ்வளவு சமமாக இருந்தும் பயனில்லை. தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டத்தைப் பாரின் பக்கத்தில் சேர்த்து வைத்து விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். தட்டை அரத்தால் இரண்டு தண்டவாளத்தையும் மட்டமாக்கலாம். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் தேய்மானம் பங்கிடப்படும். பல்லா பாரா என்று சந்தேகம் வந்தால் ஒரு புதுச் செயினை மாட்டி ஒரே ஒரு வெட்டு போடுங்கள். அதுவும் கோணினால் குற்றவாளி பார். வலப்பக்கம் கோணுகிற செயினுக்கு, பாரைப் பார்க்காமலே நான் மூன்று வாரம் அரம் போட்டிருக்கிறேன்.

தென்னையை வெட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. தென்னையும் பனையும் அந்தக் கணக்கில் புல். செயின் சா பிடித்தவனுக்கு அந்தப் பாகுபாடு கையிலேயே தெரியும். தென்னையின் வெளிவளையம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தி, நடுப்பகுதி 400-க்கும் கீழே. வெளியே திணறும் பல், உள்ளே போனதும் பஞ்சில் விழுந்ததுபோல் பாயும். மிருதுவான இடத்தில் திமிலும் மரத்தில் அமிழ்வதால் கடி கூடும். திமில்கள் சமமாக இல்லாத செயின் சரியாக அந்த இடத்தில்தான் சட்டென்று ஒரு பக்கம் ஓடும். தென்னையின் திசுவில் சிலிக்காத் துகள்கள் வேறு இருக்கின்றன. புயலில் சாய்ந்த மரம் என்றால் தண்டெல்லாம் மணல். மணலில் கிடந்த மரத்தை வெட்டும்போது கீழ்ப்பக்கம் தரையைத் தொடாமல், முக்கால்வாசி வெட்டி, மரத்தைப் புரட்டி மிச்சத்தை வெட்ட வேண்டும். வெட்டும் இடத்தில் கத்தியால் மேல்மண்ணைச் செதுக்கிவிட்டால் செயின் இரட்டிப்பு நேரம் தாங்குகிறது. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு தேய்ப்பு என்று பழகிக்கொண்டால் பெரிய பழுதுக்கு இடமே வராது. மொண்ணையாகி, தூள் கக்கி, புகைந்த பிறகு எடுக்கும் அரம்தான் சமத்தைக் கெடுக்கும் அரம். ஏனென்றால் அப்போது நிறைய இரும்பை எடுத்தாக வேண்டும், நிறைய எடுக்கும்போதுதான் கை தவறுகிறது.

அரம் போட்டு முடித்ததும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் தடிமனுள்ள வேப்பங்கட்டையை மேடையில் கிடத்தி, அழுத்தாமல், மெஷினின் சொந்த எடையிலேயே இறங்கவிட்டு, இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு வில்லை அறுப்பேன். விழுகிற சீவலில் தூள் இருக்கக்கூடாது. வில்லையை எடுத்து மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு இடத்தில் வெர்னியரால் அளப்பேன். முகத்தின் குறுக்கே ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். நடுவில் வெளிச்சம் கசிந்தால் வெட்டு வளைந்திருக்கிறது. போன மாதம் அறுத்த வில்லையில் மேலே 31, கீழே 31, இடப்பக்கம் 31, வலப்பக்கம் 32. அந்த ஒரு மில்லிமீட்டருக்காக வலப்பக்கத் திமில்களை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.